வைரஸ் தொற்றும் மூளைச் சிதைவு நோய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சைமர் போன்ற மறதிநோய்க்கும் பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதத்துக்கும் பின்னால் ஏதோ ஒரு வைரஸ் இருக்கிறது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அதைப் படித்ததும் பயந்துபோய் ரத்தப் பரிசோதனைக்கு ஓடுபவர்கள் உண்டு. எல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. வைரஸுக்கு வைரஸ், நோய்க்கு நோய் ஆதாரத்தின் கனம் மாறுகிறது. அந்தக் கனம் தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குச் செலவு செய்யலாம் என்று முடிவெடுக்க முடியும்.

அம்மாவுக்கு அல்சைமர். கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், எச்சில் பட்டாலும், மலஜலம் எடுத்துச் சுத்தம் செய்தாலும் அல்சைமரோ பார்க்கின்சனோ தொற்றாது. ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி வேறு. நம்மில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே வாங்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்க உடம்பில் சுமக்கும் சில சாதாரண வைரஸ்கள், சிலருக்கு மட்டும், பல பத்தாண்டுகள் கழித்து, மூளைச் சிதைவை முடுக்கிவிடுகின்றனவா என்பதே அது. அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கக்கூடியது மரபணு. அபோஇ4 என்ற வகை இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு கூடும். ஆனால் அந்த மரபணு இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் ஏராளம்.

வைரஸ் மூளைக்குள் எப்படிப் போகிறது? போய் என்ன செய்கிறது?

வழிகள் பல. ஹெர்பிஸ் இனத்து வைரஸ்கள் தோலில் உள்ள நரம்பு நுனியில் நுழைந்து, நரம்பிழை வழியாகவே ஏறி நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். உதட்டுக் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 தங்குவது முகத்துக்கு உணர்ச்சி தரும் முப்பெரு நரம்பின் முடிச்சில். அங்கிருந்து மூளைத் தண்டு அருகிலேயே. எச்ஐவி, ரத்த வெள்ளணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே மூளையைச் சேர்ந்துவிடும்.

சேதமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. போலியோ வைரஸ் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களை நேரடியாகக் கொல்கிறது. சில தொற்றுகளில் வைரஸ் செய்வதைவிட அதை எதிர்த்து எழும் அழற்சி செய்யும் கேடு அதிகம்: மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா அடங்காமல், நல்ல நரம்பிணைப்புகளையும் சேர்த்து அரித்துவிடும். இன்னொரு வழி, வைரஸின் புரதமும் நம் புரதமும் உருவத்தில் ஒத்திருப்பதால் எதிர்ப்பாற்றல் ஆள்மாறி நம்மையே தாக்குவது.

நான்காவது கருத்து சுவையானது. அல்சைமரில் படியும் அமிலாய்டு புரதத்தை வெறும் குப்பை என்றே நெடுநாள் எண்ணினார்கள். அது கிருமிகளைச் சுற்றிவளைத்துச் சிறைப்படுத்தும் பழைய தற்காப்புப் பொருளாக இருக்கலாம் என்று ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் மோயரும் ருடால்ஃப் டான்சியும் முன்வைத்தார்கள். 2018-இல் வந்த அவர்களது ஆய்வில், அமிலாய்டு ஹெர்பிஸ் வைரஸைப் பிடித்துக் கட்டிப்போடுவதைச் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். மனித மூளையில் வாழ்நாள் முழுக்க இப்படித்தான் படிகிறது என்பதற்கு அது நிரூபணம் ஆகாது.

வைரஸ்தான் காரணம் என்று சந்தேகமே இல்லாத நோய் ஏதாவது உண்டா?

உண்டு. தட்டம்மை. மணல்வாரி என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஒரு வாரம் பத்து நாளில் அம்மை இறங்கிவிடும், குழந்தை தேறிவிடும். ஆனால் மிகச் சிலருக்கு, வைரஸ் மூளைக்குள் உருமாறி, முழுத் துகளாக வெளியே வராமலே செல்லிலிருந்து செல்லுக்குப் பரவிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள் கழித்து வெளிப்படும் இதன் பெயர் எஸ்எஸ்பிஇ.

முதலில் நன்றாகப் படித்த பிள்ளை பின்தங்கும், குணம் மாறும், ஆசிரியர் திட்டுவார். பிறகு சில நொடிகளுக்கு ஒருமுறை உடம்பு தூக்கிப்போடும். கையில் இருக்கும் டம்ளர் விழும், நடக்கும்போது தலை சட்டென்று கவிழும். வலிப்பு என்று மருந்து கொடுத்தும் அடங்காது. மூளையின் மின்னலைகளைக் காட்டும் இஇஜி பதிவில் ஒரே சீரான இடைவெளியில் வரும் பெரிய அலைகளும், முதுகுத் தண்டுநீரில் தட்டம்மைக்கு எதிரான எதிரணுக்கள் (ஆன்டிபாடி) மிகுதியாக இருப்பதும் நோயை உறுதிசெய்யும். ஐசோபிரினோசின், இன்டர்ஃபெரான் ஆகியவை சிலருக்கு வேகத்தைக் குறைக்கின்றன, குணமாக்குவதில்லை. பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் கணக்கெடுத்தபோது, 5 வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் 1,367 பேருக்கு ஒருவர், ஒரு வயது நிரம்புமுன் வந்தவர்களில் 609 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது வந்திருந்தது. பச்சிளம் குழந்தைக்கே ஆபத்து அதிகம். இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள்ளும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படுகிறது. சளி பிடித்திருக்கிறது, ஊருக்குப் போயிருந்தோம் என்று தள்ளிப்போடாதீர்கள். லேசான சளிக்குத் தடுப்பூசியை நிறுத்தத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படித்தால் போதும்.

இளம்பிள்ளை வாதம் வந்து 40 வருடம் ஆகிறது. இப்போது நல்ல காலிலும் பலம் குறைகிறது. வைரஸ் திரும்பி வந்துவிட்டதா?

வரவில்லை. இதைப் போலியோவுக்குப் பிந்தைய பலவீனம் என்பார்கள். அன்று வைரஸ் பாதி நரம்பணுக்களைக் கொன்றபோது, தப்பித்தவை புதுக் கிளைகள் விட்டு, அனாதையான தசை நார்களையும் தத்தெடுத்துக்கொண்டன. நாலு ஆள் வேலையைப் பல ஆண்டுகளாக ஒரே ஆளாகச் செய்த நரம்பணு, வயதாகும்போது அந்தக் கிளைகளை இழக்கத் தொடங்குகிறது. குறைந்தது 15 ஆண்டுகள் நிலையாக இருந்தபின், புதிதாகத் தொடங்கிய பலவீனம் ஓராண்டுக்கு மேல் நீடித்தால், வேறு காரணம் இல்லையென்று பார்த்தபிறகு இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பலம் வரட்டும் என்று கடுமையாக உடற்பயிற்சி செய்வது. களைத்துப்போன நரம்பணு அதில் இன்னும் தளரும். மறுநாள் வலியோ அசதியோ மிஞ்சாத அளவே சரியான அளவு. நடுநடுவே ஓய்வு வேண்டும். கேலிப்பர், ஊன்றுகோலைத் தூக்கிப்போட்டவர்கள் மறுபடி எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் தலைவலியோடு எழுந்தால், இரவில் மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த அறுவை சிகிச்சைக்கும் முன் மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் போலியோ வந்ததைச் சொல்லிவிடுங்கள். சில மயக்க மருந்துகள் உங்களுக்குக் கூடுதல் நேரம் வேலை செய்யும்.

நடுக்குவாதத்துக்கும் வைரஸுக்கும் தொடர்பு உண்டா?

நடுக்குவாதம் போன்ற அறிகுறிகளை விட்டுச்செல்லும் வைரஸ் நோய் ஒன்று உண்டு: ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அது நமக்கு அந்நியமானதல்ல. இந்தியாவில் மனிதருக்கு வந்ததாக முதலில் அறியப்பட்டது 1955-இல், வேலூரில். நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றிகளிடமிருந்தும் கொக்கு, நாரைகளிடமிருந்தும் வைரஸை எடுத்து மனிதருக்குக் கொடுக்கிறது. இந்த வைரஸ் மூளையின் நடுவிலுள்ள தாலமஸையும், அசைவைச் சீராக்கும் டோபமைன் சுரக்கும் கருநிறப் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவையும் தேடித் தாக்கும். அதனால் பிழைத்தவர்களில் சிலருக்கு, குழந்தைகள் உட்பட, பார்க்கின்சன் போன்ற விறைப்பும் மந்தமான அசைவும் மரத்துப்போன முகமும் மிஞ்சுகின்றன. இது பார்க்கின்சன் நோய் அல்ல. அதே இடம் வேறு வழியில் புண்பட்டது. பல ஆண்டுகளாகக் கூடிக்கொண்டே போகும் குணம் பெரும்பாலும் இதற்கு இல்லை.

வழக்கமான பார்க்கின்சனுக்கு ஆதாரம் மெலிது. டென்மார்க்கின் பதிவேடுகளில், இன்ஃபுளுவென்சா என்று பதிவானவர்களுக்கு 10 ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கின்சன் கண்டறியப்படும் வாய்ப்பு சுமார் 1.7 மடங்காக இருந்தது. ஆனால் மருத்துவமனைப் பதிவில் இடம்பெறும் அளவுக்குக் காய்ச்சல் வந்தவர்கள் மட்டுமே அதில் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் 1918 இன்ஃபுளுவென்சா பெருங்காய்ச்சலையும் தூக்கநோய் எனப்பட்ட மூளை அழற்சியையும் முடிச்சுப் போடுவது வழக்கம். வியன்னாவில் 1917-இல் ஃபான் எகனோமோ விவரித்த அந்த நோயில் தப்பித்த பலர் பிறகு சிலைபோல் உறைந்துபோனார்கள் என்பது உண்மை. ஆனால் 1918 காய்ச்சலுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது. பாதுகாத்து வைத்திருந்த மூளைத் திசுக்களில் தேடியும் அந்தக் காய்ச்சல் வைரஸ் கிடைக்கவில்லை. அந்த முடிச்சை உண்மையென்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.

எப்ஸ்டைன்-பார் வைரஸ்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் காரணமா?

நீண்டகால மூளை நோய்களில், சமீப ஆண்டுகளில் ஆதாரம் மிக வலுப்பட்டது இங்கேதான். எம்எஸ் என்பது முதலில் நரம்பின் மேலுறையை அழற்சி அரிக்கும் நோய். சிதைவு அதன் பின்னால் வருகிறது. எனவே அல்சைமரோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எப்ஸ்டைன்-பார் வைரஸ் வயதுவந்தோரில் சுமார் 95 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. எல்லோரிடமும் இருப்பதைக் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? இல்லாத அந்தச் சிலரைப் பின்தொடர்ந்தால்தான் முடியும். அமெரிக்க ராணுவம் வீரர்களின் ரத்தத்தை எச்ஐவி சோதனைக்காகக் குறித்த இடைவெளியில் எடுத்து, மிச்சத்தைச் சேமித்து வைத்திருந்தது. 1 கோடிக்கும் மேற்பட்டோரின் 20 ஆண்டுப் பதிவுகளை ஹார்வர்டு குழு அலசி, 2022 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. எம்எஸ் வந்தவர்களில் போதிய ரத்த மாதிரி இருந்தவர்கள் 801 பேர். அவர்களில் 35 பேருக்குத் தொடக்கத்தில் இந்த வைரஸ் இல்லை. நோய் தொடங்குமுன் அந்த 35 பேரில் 34 பேருக்குத் தொற்றிவிட்டது. தொற்றிய பிறகு எம்எஸ் ஆபத்து 32 மடங்கு கூடியது. இதேபோல எச்சில் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. நரம்பு சேதத்தைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் என்ற பொருளும், வைரஸ் தொற்றிய பிறகே ரத்தத்தில் ஏறியது. நோய் முதலில் தொடங்கி, அதனால் தொற்று வந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இது பதில்.

அதே மாதம் வேறொரு குழு காட்டியது: வைரஸின் ஈபிஎன்ஏ1 என்ற புரதத்தின் ஒரு துண்டும், மூளையில் உள்ள கிளையல்கேம் என்ற புரதத்தின் ஒரு துண்டும் ஒத்திருக்கின்றன. ஒன்றுக்காக உருவான எதிரணு மற்றதையும் தாக்குகிறது. முன்பே சொன்ன ஆள்மாறாட்டம்.

நூற்றுக்கு 95 பேரிடம் வைரஸ் இருக்கிறது என்றால், எல்லோருக்கும் ஏன் எம்எஸ் வருவதில்லை?

வைரஸ் இல்லாமல் நோய் வருவது மிக அரிது. வைரஸ் மட்டும் இருந்தாலும் போதாது. எதிர்ப்பாற்றலை நெறிப்படுத்தும் எச்எல்ஏ மரபணுவின் வகை, புகைபிடித்தல், வளரிளம் பருவத்து உடற்பருமன், வைட்டமின் டி குறைவு ஆகியவையும் சேர வேண்டும். எந்த வயதில் தொற்றுகிறது என்பதும் முக்கியம். நம் ஊரில் பெரும்பாலான குழந்தைகள் தவழும் வயதிலேயே, எந்த அறிகுறியும் இல்லாமல் இந்த வைரஸை வாங்கிவிடுகிறார்கள். மேலை நாடுகளில் பலருக்கு இது பதின்ம வயதில் தொற்றி, தொண்டை வலியும் கழுத்துக் கட்டிகளும் வாரக்கணக்கில் அசதியுமாகப் படுக்க வைக்கிறது. அப்படிப் படுத்தவர்களுக்கே எம்எஸ் ஆபத்து கூடுதல். தடுப்பூசிகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. கடையில் கிடைப்பது எதுவும் இன்று இல்லை.

உதட்டுக் கொப்புளம் அடிக்கடி வருகிறது. எனக்கு அல்சைமர் வருமா?

அப்படிச் சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 50 வயதுக்குட்பட்டோரில் சுமார் 64 விழுக்காட்டினரிடம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 இருக்கிறது. பெரும்பாலோருக்குக் கொப்புளமே வருவதில்லை.

இந்தக் கருத்தை விடாப்பிடியாக வளர்த்தவர் மான்செஸ்டரைச் சேர்ந்த ரூத் இட்சாகி. முதியவர்களின் மூளையிலேயே இந்த வைரஸின் டிஎன்ஏ இருப்பதை 1990-களில் காட்டினார். அபோஇ4 மரபணுவும் வைரஸும் ஒரே ஆளிடம் சேரும்போதே ஆபத்து கூடுகிறது என்றார். தைவானில் 50 வயதைக் கடந்த 8,362 ஹெர்பிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், மறதிநோய் ஆபத்து 2.56 மடங்காக இருந்தது. வைரஸ் எதிர்ப்பு மருந்து எடுத்தவர்களுக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. 2018-இல் வந்த இந்த முடிவு பலருக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் அவர்கள் மருத்துவரைத் தேடிப்போகும் அளவுக்கு நோய் கண்டவர்கள். மருந்து எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் வேறு பல விதங்களிலும் வேறுபட்டிருக்கலாம்.

அப்படியானால் அல்சைமர் நோயாளிக்கு ஹெர்பிஸ் மருந்தான வாலசைக்ளோவிர் கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, தொடக்கநிலை அல்சைமர் இருந்து ரத்தத்தில் ஹெர்பிஸ் எதிரணுவும் இருந்த 120 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வாலசைக்ளோவிரும், மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரையும் 78 வாரங்கள் கொடுத்தது. 2025 ஜூலையில் டொராண்டோ மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள். பலன் இல்லை. நினைவாற்றல் மதிப்பெண், மருந்து எடுத்தவர்களுக்கே சற்று அதிகமாகச் சரிந்திருந்தது.

இதனால் வைரஸ் கருத்தே பொய் என்றாகிவிடவில்லை. இந்த மருந்து, பெருகிக்கொண்டிருக்கும் வைரஸை மட்டுமே தடுக்கும். நரம்பு முடிச்சில் உறங்குவதைத் தொடாது. அறிகுறி தெரியும்போது அல்சைமர் மூளையில் வேலையைத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வைரஸ் தீ வைத்திருந்தாலும், வீடு எரிந்த பிறகு தீக்குச்சியை அணைத்துப் பயனில்லை. வீட்டில் தாங்களாகவே இந்த மருந்தைத் தொடர்ந்து கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு வாலசைக்ளோவிர் அளவு மிஞ்சினால், அதுவே குழப்பத்தையும் மாயத்தோற்றங்களையும் தரும். மறதிநோய் முற்றிவிட்டது என்று தவறாக எண்ணி அளவை இன்னும் கூட்டுவது பேராபத்து.

இறந்தவர் மூளையில் வைரஸ் இருந்தது என்கிறார்களே, அது போதாதா?

போதாது. 2018-இல் ஒரு பெரிய ஆய்வு, அல்சைமர் மூளைகளில் ஹெர்பிஸ் 6ஏ, 7 வகைகள் மிகுந்திருப்பதாகச் சொன்னது. அதே மாதிரிகளை வேறு குழுக்கள் வேறு கணக்கு முறையில் அலசியபோது அந்த வேறுபாடு நிற்கவில்லை. கோடிக்கணக்கான மரபணுத் துண்டுகளுக்கிடையே ஒன்றிரண்டு வைரஸ் துண்டுகளைத் தேடும்போது ஆய்வகத் தூசும் கணக்குத் தேர்வும் முடிவைப் புரட்டிவிடும். இன்னொன்று, சிதைந்து வலுவிழந்த மூளைக்குள் வைரஸ் பின்னால் வந்து குடியேறியிருக்கவும் கூடும்.

இந்த முன்பின் குழப்பம் பெரிய பதிவேட்டு ஆய்வுகளிலும் உண்டு. ஃபின்லாந்தின் சுமார் 3 லட்சம் பேரின் பதிவுகளில், வைரஸ் தொற்றுக்கும் சிதைவு நோய்க்கும் இடையே 45 தொடர்புகள் கிடைத்தன. பிரிட்டனின் சுமார் 5 லட்சம் பேரிடம் சோதித்தபோது அவற்றில் 22 மட்டுமே நிலைத்தன. 2023-இல் வெளியான இந்த ஆய்வில் மிக வலுவானது மூளைக்காய்ச்சலுக்கும் அல்சைமருக்கும் இடையிலானது: வைரஸ் மூளைக்காய்ச்சல் கண்ட 406 பேரில் 24 பேருக்குப் பின்னர் அல்சைமர் வந்தது. ஆனால் பல தொடர்புகள் தொற்றுக்குப் பின் முதல் ஓராண்டில்தான் உச்சத்தில் இருந்தன. மறதிநோய் அரும்பிவிட்டவர் சரியாகச் சாப்பிட மாட்டார், புரையேறி நிமோனியா வரும், மருத்துவமனையில் சேர்ப்பார்கள். அங்கேதான் மறதியும் முதன்முதலில் கண்டுபிடிக்கப்படும். பதிவேட்டில் தொற்று முன்னாலும் மறதி பின்னாலும் நிற்கும்.

அக்கித் தடுப்பூசி மறதிநோயைக் குறைக்கிறது என்பது உண்மையா?

குறைக்கிறது என்பதற்கு இதுவரை கிடைத்தவற்றில் மிக நேர்மையான ஆதாரம் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்திருக்கிறது. ஏன் நேர்மையானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி போட்டவர்களையும் போடாதவர்களையும் வெறுமனே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். தேடிப்போய் ஊசி போடுபவர், நடைப்பயிற்சியும் செய்வார், ரத்த அழுத்த மாத்திரையும் ஒழுங்காகப் போடுவார். அவருக்கு மறதிநோய் குறைவாக வந்தால் புகழ் ஊசிக்கா, நடைக்கா? வேல்ஸில் 2013 செப்டம்பர் 1-இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஒரு விதி போட்டார்கள்: 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கே ஊசி, அதற்கு முன் பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடையாது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பிறந்தவருக்கும் செப்டம்பர் முதல் வாரத்தில் பிறந்தவருக்கும் படிப்பிலோ பணத்திலோ பழக்கத்திலோ வேறுபாடு இருக்க வழியில்லை. ஊசி மட்டும் மாறியது: கோட்டுக்கு இந்தப்புறம் ஏறத்தாழ யாருமே போடவில்லை, அந்தப்புறம் 47 விழுக்காட்டினர் போட்டார்கள்.

2,80,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை 7 ஆண்டுகளுக்குப் பார்த்ததில், ஊசி போட்டவர்களுக்குப் புதிதாக மறதிநோய் கண்டறியப்படுவது 3.5 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று கொள்ளலாம். பெண்களுக்குப் பலன் தெளிவாக அதிகம். 2025 ஏப்ரலில் இது வெளியானது. ஆஸ்திரேலியாவிலும் இதேபோன்ற பிறந்தநாள் கோட்டை வைத்துச் செய்த ஆய்வு அதே திசையைக் காட்டியது.

சின்னம்மை தந்துவிட்டு நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸே பின்னாளில் விழித்து அக்கியாக வருகிறது. ஊசி அந்த வைரஸ் விழிப்பதைத் தடுத்ததால் மூளை தப்பித்ததா, அல்லது எதிர்ப்பாற்றலையே பொதுவாகச் சீர்செய்ததா என்பது இன்னும் தீரவில்லை. அக்கி வைரஸ் விழித்தால், உறங்கும் ஹெர்பிஸ் 1 வைரஸையும் தட்டி எழுப்பிவிடுகிறது என்று ஆய்வகத்தில் வளர்த்த மூளைத் திசுவில் காட்டியிருக்கிறார்கள். அது சரியென்றால் இரண்டு வைரஸ் கதைகளும் ஒன்றாகிவிடும்.

அந்தத் தடுப்பூசி இந்தியாவில் கிடைக்கிறதா? யார் போடலாம்?

வேல்ஸில் போட்டது சோஸ்டாவாக்ஸ், வலுவிழந்த உயிருள்ள வைரஸ் கொண்டது. இந்தியாவில் 2023 முதல் கிடைப்பது ஷிங்ரிக்ஸ். இதில் வைரஸே இல்லை, அதன் மேற்புரதம் ஒன்றும் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் கூட்டுப்பொருளும் மட்டுமே. 50 வயதைக் கடந்தவர்களுக்கு, 0.5 மில்லி வீதம் இரண்டு தவணை, மேல்கைத் தசையில், 2 முதல் 6 மாத இடைவெளியில். அரசுத் திட்டத்தில் இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டும், விலை கூடுதல்.

அக்கியைத் தடுப்பதில் 50 வயதுக்கு மேல் சுமார் 97 விழுக்காடும், 70-க்கு மேல் சுமார் 91 விழுக்காடும் பலன் தந்தது. கைவலி, உடல்வலி, காய்ச்சல் இரண்டு மூன்று நாள் இருக்கும். முதல் ஊசியில் அவதிப்பட்டதால் இரண்டாவதை விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. எதிர்ப்பாற்றல் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைத் தளர்த்தும் கில்லன்-பாரே நோய் 10 லட்சம் தவணைக்குச் சுமார் 3 பேருக்குக் கூடுதலாக வரலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்திருக்கிறது. அக்கி இப்போது வந்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள்.

எங்கள் கருத்து: அக்கியைத் தடுக்கவென்றே போடுங்கள். மறதிநோயும் குறைந்தால் அது கூடுதல் வரவு. மறதிநோய்க்காக மட்டும் கடன் வாங்கிப் போட வேண்டாம்.

அக்கி வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டைபோல, எரிச்சலோடு கொப்புளங்கள் கிளம்பி, நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றால் அது அக்கி. கொப்புளத்துக்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடம் குத்தும், எரியும். முதல் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும்: அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் நாளுக்கு ஐந்து வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார்.

காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. எழுதிய பிறகு ஆறுவதும் உண்மைதான். ஏனென்றால் அக்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறும். இழப்பது அந்த 72 மணி நேரத்தை. உடைந்த கொப்புளத்தின் மேல் பூசினால் சீழும் பிடிக்கும். எழுதியே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், மாத்திரையை முதலில் தொடங்கிவிட்டு, கொப்புளம் இல்லாத ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் போகக்கூடும். அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

மூளைக்காய்ச்சலில் எதைத் தவறவிடக் கூடாது?

ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலை. காய்ச்சலோடு திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவது, வீட்டு ஆட்களைத் தெரியாமல் விழிப்பது, வலிப்பு. காய்ச்சல் லேசாக இருந்தால் மனநோய் என்றோ காற்றுக் கருப்பு என்றோ நினைத்து இரண்டு மூன்று நாள் போய்விடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் இறப்பார்கள். பிழைத்தாலும் நினைவுக்கான பொட்டு மடல் அழிந்து, நிரந்தர மறதி மிஞ்சும்.

சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் அசைக்ளோவிரை ரத்தக்குழாயில் ஏற்றத் தொடங்க வேண்டும்: கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள். 60 கிலோ ஆளுக்கு வேளைக்கு 600 மில்லிகிராம். ஒரு மணி நேரம் மெதுவாக, போதிய சலைனோடு ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகும். தண்டுநீர் பிசிஆர் சோதனை முதல் மூன்று நாளில் இல்லை என்று காட்டக்கூடும். எம்ஆர்ஐயில் பொட்டு மடல் பாதிப்பு தெரிந்தால் அந்த ஒரு முடிவை நம்பி மருந்தை நிறுத்தாமல், சில நாளில் மறுபடி எடுப்பார்கள். தேறி வீட்டுக்கு வந்த பிறகு, சில வாரங்களில் குணம் மாறினாலோ கைகால் தானாக அசைந்தாலோ மறுபடி ஓடுங்கள். நான்கில் ஒருவருக்கு எதிர்ப்பாற்றல் மூளையைத் தாக்கும் இரண்டாம் அலை வருகிறது. அதற்கு வேறு சிகிச்சை உண்டு.

கோவிட் வந்தவர்களுக்கு மூளை சுருங்குகிறதாமே?

பிரிட்டனில் 51 முதல் 81 வயதுக்குட்பட்ட 785 பேருக்கு இரண்டு முறை எம்ஆர்ஐ எடுத்தார்கள். இடையில் கோவிட் வந்த 401 பேருக்கு, வராதவர்களைவிட 0.2 முதல் 2 விழுக்காடு கூடுதல் மாற்றம் தெரிந்தது. பெரும்பாலும் வாசனையோடு தொடர்புள்ள இடங்களில். வாசனை நரம்பு வேலை செய்யாததால் அந்தப் பகுதி மெலிந்திருக்கலாம். இது மறதிநோயாக மாறும் என்று சொல்லப் போதிய காலம் ஆகவில்லை.

வாசனை இன்னும் திரும்பாதவர்கள் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம், ரோஜா நான்கையும் காலை மாலை தலா 20 நொடி, கவனத்தை அதிலேயே வைத்து முகர்ந்து பழகலாம். குறைந்தது 12 வாரம். இது வாசனைக்கான பயிற்சி. மறதியைத் தடுக்கும் என்று யாரும் காட்டவில்லை.

மறதி இருக்கிறது. ஹெர்பிஸ், எப்ஸ்டைன்-பார் ரத்தப் பரிசோதனை எடுக்கவா?

எடுக்க வேண்டாம். ஐஜிஜி எதிரணு பாசிட்டிவ் என்றால் என்றோ தொற்றியது என்று மட்டுமே பொருள். பெரும்பாலான பெரியவர்களுக்கு அப்படித்தான் வரும். எண் அதிகமாக இருப்பதால் மூளையில் வைரஸ் இருக்கிறது என்றாகாது. அந்த எண்ணை வைத்து மாற்றக்கூடிய சிகிச்சையும் இல்லை.

அந்தப் பணத்துக்கு வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம் பாருங்கள். எச்ஐவியும் சிபிலிஸும் மறதி தரக்கூடியவை, சிகிச்சைக்கு அடங்குபவை; மருத்துவர் கேட்டால் கூச்சப்படாமல் கொடுங்கள். காது சோதனை செய்யுங்கள், கேட்காததை மறந்ததாக நினைப்பது சாதாரணம். பிறகு வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அடக்கும் மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். இவற்றில் சில மாத்திரைகளே நினைவை மழுங்கடிக்கும். நிறுத்திய சில வாரங்களில் தெளிந்துவிடுபவர்கள் உண்டு. ஆனால் பல நாள் போட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரக்கூடும். எத்தனை நாளில் எவ்வளவு குறைப்பது என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.